ஸமான் பெயரில் ஒரு கவர்

ராத்ரி செய்த குற்றத்தைப் போலீஸ் கண்டுபிடிக்கவில்லை, பத்திரிகைக்காரர்களும் கண்டுபிடிக்கவில்லை. கோயில் ஒலிபெருக்கிதான் அறிவித்தது. அதுவும் மூன்று ஊருக்குக் கேட்கும்படி, மேளதாளத்தோடு.

பாங்காக்கை விட்டுத் தள்ளியிருக்கும் பாங் ஸலித் ஊரில் ஐஸ் கம்பெனி என்றால் ஸெங் முதலாளியின் கம்பெனி மட்டும்தான். ராத்ரி அங்கே பத்தொன்பது வருடமாக ஆபீஸைப் பார்த்துக்கொள்கிறாள். ஆபீஸ் என்பது கண்ணாடி போட்ட ஓர் அறை, நான்கு மேசை, எந்நேரமும் மூக்கில் ஏறும் அம்மோனியா வாடை. சம்பளப் பட்டியல், கரண்டு பில், லாரி டிரைவர்களின் சண்டை, சீனப் புத்தாண்டுக்கு முதலாளி வீட்டுப் படையலுக்குப் பன்றித்தலை வாங்குவது வரை எல்லாம் அவள் தலையில்தான். “இங்க ஒரு கையெழுத்து” என்று யார் எதை நீட்டினாலும் போட்டுவிடுவாள். படித்துப் பார்க்கிற வழக்கம் கிடையாது. கெட்ட வழக்கம்தான், ஆனால் பத்தொன்பது வருடத்தில் அதனால் ஒரு கெடுதலும் வந்ததில்லை.

அவள் புருஷன் ஸமானும் அதே கம்பெனியில் லாரி ஓட்டியவன்தான். போன வருடம் ஐஸ் பாரம் இறக்கிக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான், எழுந்திருக்கவில்லை. எரியூட்டும் செலவு முழுவதையும் ஸெங் முதலாளியே ஏற்றுக்கொண்டார். வந்தவர்களுக்குக் கொடுக்க, முகர்ந்து பார்க்கிற மூலிகை டப்பிகளில் ஸமானின் பெயரும் எரியூட்டிய தேதியும் அச்சடித்து ஒட்டியிருந்தார்கள். கூட்டம் எதிர்பார்த்த அளவு வரவில்லை. மிஞ்சிய ஒரு பெட்டி டப்பிகள் ஆபீஸ் அலமாரியிலேயே தங்கிவிட்டன. அம்மோனியா நெடிக்கு அவை நல்ல மருந்து. ஒன்று தீர்ந்ததும் இன்னொன்று என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள், அதிகம் எடுத்தவர் முதலாளி. ஸமானை மூக்கில் வைத்து உறிஞ்சாமல் அவரால் ஒரு செக்கில்கூடக் கையெழுத்துப் போட முடியாது என்று டிரைவர்கள் கேலி செய்வார்கள். ராத்ரிக்கும் அந்தக் கேலி பிடிக்கும். செத்தவன் பெயர் யாராவது ஒருவர் கையில் புழங்கிக்கொண்டிருக்கிறதே என்று இருந்தது அவளுக்கு.

கம்பெனிக்குப் புதிதாக ஒரு குளிர்கிடங்கு கட்ட வேண்டும். வரைபடம் நகராட்சிக்குப் போய் ஏழு மாதம் ஆகிவிட்டது. எஞ்சினியர் கம்போன் மேசையில் அது தூங்கியது. திருத்தம் கேட்டார், கொடுத்தார்கள். இன்னொரு திருத்தம் கேட்டார், அதையும் கொடுத்தார்கள். அப்புறம் திருத்தம் கேட்பதை நிறுத்திவிட்டு, தன் சொந்த ஊர்க் கோயிலின் திருப்பணிக் கவர் ஒன்றை அனுப்பினார். புதுக் கழிப்பறை கட்டுவதற்காம். கவரின் மேல் நன்கொடைக் குழுத் தலைவர் என்று அவர் பெயரே பெரிய எழுத்தில் அச்சாகியிருந்தது.

திருப்பணிக் கவரில் இரண்டு சாதி உண்டு என்பது அந்த ஊரில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். நண்பர், உறவுக்காரர், பக்கத்து வீட்டுக்காரர் கொண்டுவந்து கொடுக்கிற கவர் கோயிலுக்குப் போகும். அதில் நூறோ இருநூறோ வைத்து, பெயரும் தொகையும் எழுதித் திருப்பிக் கொடுக்க வேண்டும். நிலுவையில் கிடக்கும் ஃபைலோடு வருகிற கவர் கோயில் வாசலைக்கூடப் பார்க்காது. அதில் பெயர் எழுதக் கூடாது.

முதலாளி கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டு அவளைக் கூப்பிட்டார்.

“ராத்ரி, இதுல எம்பதாயிரம் வச்சு ஒட்டிடு. நாளைக்கு நீயே போய் அந்தாளு கையில குடுத்துட்டு வந்துடு.”

“நான் போகணுமாண்ணே? சேல்ஸ்ல யாரையாவது அனுப்பலாமே.”

“அவனுங்க போனா பாதியை வழியிலேயே குடிச்சுத் தீர்த்துடுவானுங்க. உன்னை விட்டா எனக்கு யாரு இருக்கா?” டப்பியை மூக்கில் வைத்து உறிஞ்சினார். “மேல ஒண்ணும் எழுதிடாத, சரியா?”

“சரிண்ணே.”

சரி என்றுதான் சொன்னாள். ஆனால் கவரை ஒட்டியதும் கை தானாகப் பேனாவை எடுத்தது. இத்தனை வருடமாகக் கம்பெனியின் எல்லாத் திருப்பணிக் கவரிலும் எழுதியது அவள்தான். பெயர் எழுதாத புண்ணியம் வழி தெரியாமல் அலையும் என்பார்கள், யாருக்கு என்று எழுதினால்தான் அது போய்ச் சேரும். அவள் ஐந்து நிமிடம் யோசித்தாள். எப்படியும் போகப்போகிற காசு. அந்த எஞ்சினியர் தின்றாலும் தின்று தொலைக்கட்டும், கவரில் கோயில் பெயர் இருக்கிறதல்லவா? அதில் ஒரு துளியாவது ஸமானுக்குப் போனால் யாருக்கு என்ன நஷ்டம்? அவன் செத்து ஒரு வருடத்தில் அவள் அவனுக்காகச் செய்த தானங்கள் எல்லாமே நூறும் இருநூறும்தான். இவ்வளவு பெரிய தொகைக்கு இனி எங்கே போவாள்?

கம்பெனி பெயர், தன் பெயர், ‘காலஞ்சென்ற ஸமானின் நன்மைக்காக’, தொகை. நல்ல குண்டு எழுத்தில் எழுதினாள். இப்படி ஒரு முட்டாள்தனத்தைத் திருடன் செய்ய மாட்டான், புண்ணியத்தை நம்புகிறவர்கள்தான் செய்வார்கள்.

மறுநாள் கம்போன் அறையில் கைகூப்பி வணங்கி, கவரைக் கவிழ்த்து மேசையில் வைத்தாள். அவர் அதைத் திருப்பிக்கூடப் பார்க்காமல், இரண்டு விரலால் தடிமனைப் பார்த்துவிட்டு இழுப்பறையில் போட்டார்.

“உங்க ஃபைல் இன்னுமா இங்க கெடக்கு? யாரும் எனக்குச் சொல்லலையே!” என்று ஆச்சரியப்பட்டார்.

மூன்றாம் நாள் அனுமதி வந்துவிட்டது.

கோயில் விழாவுக்கு இரண்டு வாரம் இருந்தது. விழா நாளில் ராத்ரி பஸ் ஏறி அங்கே போனாள். கம்பெனிக் கவரின் காசு வராது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் ஸமான் பெயரை எழுதியாகிவிட்டது, அவனுக்காக யாராவது தண்ணீர் வார்த்துப் பிரார்த்தனை செய்ய வேண்டும் அல்லவா? கைப்பையில் ஒரு சின்னப் பித்தளைச் செம்பும் இருபது பாட் கவர் ஒன்றும் வைத்திருந்தாள். கூட்டத்தோடு பாயில் உட்கார்ந்தாள். முன்னால் வாழைத்தண்டில் மூங்கில் குச்சிகளைச் செருகி, குச்சிக்குக் குச்சி பாட் நோட்டைத் தொங்கவிட்ட பணமரங்கள் வரிசையாக நின்றன. ஒருவர் கவர்களைப் பிரித்துப் பிரித்து ஒலிபெருக்கியில் வாசித்தார். நூறு பாட், சாது. ஐந்நூறு பாட், சாது. ஒவ்வொரு தொகைக்கும் ‘சாது’, அதாவது நன்று நன்று, என்று கூட்டம் அரைத் தூக்கத்தில் கைகூப்பியது.

“ஸெங் ஐஸ் கம்பெனி, ராத்ரி அம்மா, காலஞ்சென்ற ஸமான் அவர்களின் நன்மைக்காக...” அவர் ஒரு முறை நிறுத்தி, கண்ணாடியைச் சரி செய்து, மறுபடி பார்த்தார். “எண்பதாயிரம் பாட்!”

மேளக்காரன் தானாகவே ஒரு தட்டுத் தட்டினான். “சாது! சாது! சாது!” என்று கூட்டம் விழித்துக்கொண்டு கூவியது. பக்கத்திலிருந்த அம்மாள் ராத்ரியின் முழங்காலைத் தொட்டு வணங்கினாள்.

ராத்ரிக்கு முதலில் வந்தது பயமல்ல, சந்தோஷம். வாழ்நாள் முழுக்க யாரும் மைக்கில் சொல்லாத ஒரு லாரி டிரைவரின் பெயரை இத்தனை பேர் கேட்டார்கள். செம்பைத் தேடியபடி நிமிர்ந்தவள் மேடையைப் பார்த்தாள். குழுத் தலைவர் கம்போன் அங்கே கைகூப்பியபடி உட்கார்ந்திருந்தார். முகம் வெந்த இறால்போலச் சிவந்திருந்தது. அப்போதுதான் அவளுக்குப் பயம் வந்தது.

நடந்தது இவ்வளவுதான். கம்போன் தொகையைப் பார்க்கிற ஆள், பெயரைப் பார்க்கிற ஆள் அல்ல. கவரை வீட்டுக்குக் கொண்டுபோய் அலமாரியில் மறைத்து வைத்தார். அவர் மனைவி துணி அடுக்கும்போது அதைப் பார்த்தாள். பின்னால் விசாரணையில் அவள் சொன்னாள்: “செத்தவங்க பேர் எழுதின கவரை வீட்டுல வச்சுக்கிட்டு எப்படிங்க தூங்கறது? அந்த ஆளு நடுச்சாமத்துல வந்து கட்டில் பக்கத்துல நின்னா நானா பதில் சொல்றது? இவரு மறந்துட்டாருன்னு நெனச்சு மத்த கவரோட சேத்துக் கோயில்ல குடுத்துட்டேன்.” அந்த ஊரில் யாருக்கும் இந்தக் காரணம் வினோதமாகப் படவில்லை.

அன்று கூட்டத்தில் ஓர் ஆள் இருந்திருக்க வேண்டும், யாரென்று கடைசிவரை தெரியவில்லை. அவருடைய ஃபைலும் அதே மேசையில் கிடந்ததோ என்னவோ. ஒரு மாதத்துக்குள் ஊழல் தடுப்பு ஆணையத்துக்குக் கையெழுத்தில்லாத கடிதம் போயிற்று. கவர் கொடுத்த நாள், அனுமதி வந்த நாள், ஒலிபெருக்கியில் வாசித்த தொகை, மூன்றும் வரிசையாக அதில் இருந்தன.

ஆணையத்திலிருந்து விசாரணைக்கு வந்தவள் பாவினி என்ற பெண். ராத்ரி அவளுக்கு ஐஸ் போட்ட தேநீர் கொண்டுவந்து வைத்தாள்.

“வேணாங்க்கா, என் பாட்டில் இருக்கு.”

“வெறும் ஐஸாவது போட்டுக்கோங்களேன். எங்க ஐஸ்தான், சுத்தம்.”

“ஐஸ் கூட வேணாம்.” பாவினி சிரித்துவிட்டு நோட்டைத் திறந்தாள். “அந்தக் கவரை யார் கையில குடுத்தீங்க?”

“கோயிலுக்குத்தானே போச்சு...”

“கோயிலுக்குப் போனது எனக்கும் தெரியும். புதுக் கழிப்பறைச் சுவத்துல உங்க வீட்டுக்காரர் பேரை டைல்ஸ்ல பொறிச்சு வச்சிருக்காங்க, போட்டோ எடுத்து ஃபைல்ல சேத்துட்டேன். நீங்க குடுத்தது யார் கையில?”

ராத்ரி கம்போன் பெயரைச் சொன்னாள். சொல்லிவிட்டுக் கேட்டாள்:

“அவரு ஒரு காசு கூட எடுத்துக்கலையேம்மா. முழுசும் சாமிக்குப் போயிடுச்சே. அப்புறம் எங்க இருக்கு லஞ்சம்?”

“அவரு வாங்கினது அவரோட கேஸ்க்கா. அவருக்கு ஆயுள் வரைக்கும் போகும். உங்க கேஸ் தனி. வேலை ஆகணும்னு அதிகாரி கையில குடுத்தாலே குற்றம் முடிஞ்சுது. அவரு வாங்காம திருப்பித் தந்திருந்தாலும் குற்றம்தான். தர்றேன்னு வாயால சொன்னாக்கூட குற்றம்தான். அஞ்சு வருஷம் வரைக்கும் உள்ள வைக்கலாம்.”

அஞ்சு வருஷம் என்றதும் ராத்ரிக்குக் காதில் ஐஸ் அரைக்கும் மெஷின் சத்தம் மட்டும்தான் கேட்டது. ஐம்பத்திரண்டு வயதில் உள்ளே போனால் ஐம்பத்தேழில் வெளியே வருவாள்.

“குடுக்கச் சொன்னது யாரு?”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முதலாளி போனில் பேசிக்கொண்டிருந்தார். ஸமானின் பிணத்தை ஆஸ்பத்திரியிலிருந்து தன் காரிலேயே கொண்டுவந்த மனிதர். “ஞாபகம் இல்ல” என்றாள் ராத்ரி.

பாவினி வற்புறுத்தவில்லை. “எல்லாத்தையும் உள்ளபடி சொல்றவங்களைச் சாட்சியா வச்சுக்கிட்டு, வழக்குல இருந்து விடறதுக்குச் சட்டத்துல இடம் இருக்கு. விட்டுடுவாங்கன்னு நான் சொல்லல, ஆணையம்தான் முடிவு பண்ணணும். ஞாபகம் வந்தா வாங்க.” பாட்டிலை மூடிப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள்.

அடுத்த வாரம் முதலாளி பாங்காக்கிலிருந்து ஒரு வக்கீலை வரவழைத்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை போட்ட அந்த மனிதர், வரும்போதே ஒரு தடிமனான நீல ஃபைல் கொண்டுவந்தார். அட்டையில் ‘லஞ்ச ஒழிப்பு உள்கட்டுப்பாட்டு நடைமுறைகள்’ என்று பொன்னெழுத்து. ஐஸ் கம்பெனியில் அப்படி ஒன்று இருப்பது ஐஸ் கம்பெனிக்கே அன்றுதான் தெரியும்.

வக்கீல் நிதானமாக விளக்கினார். ஊழியர் லஞ்சம் கொடுத்தால் அது கம்பெனியின் நன்மைக்குத்தான் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும், கம்பெனியும் குற்றவாளி. கிடைத்த ஆதாயத்தைப்போல இரண்டு மடங்கு வரை அபராதம். ஆனால் தடுப்பதற்குத் தகுந்த ஏற்பாடெல்லாம் ஏற்கெனவே செய்து வைத்திருந்தோம் என்று காட்டிவிட்டால் கம்பெனி தப்பித்துவிடும்.

“அப்ப மாட்டிக்கிறது யாரு?” என்று கேட்டாள் ராத்ரி.

வக்கீல் கண்ணாடி வழியாக ஐஸ் பாளங்களைப் பார்த்தார். முதலாளி டப்பியை உறிஞ்சினார்.

“இங்க பாரு ராத்ரி,” என்றார் முதலாளி. குரல் கொஞ்சம் நடுங்கியது, அது நடிப்பு அல்ல. “கம்பெனி போச்சுன்னா அறுபது குடும்பம் தெருவுல நிக்கும். நீ உள்ள போனாலும் உன் சம்பளம் மாசா மாசம் வந்துடும். முதல் தடவைங்கிறதால தண்டனையை நிறுத்தி வச்சாலும் வைப்பாங்க. உன்னை நான் விட்டுடுவேனா? ஸமானை விட்டேனா?”

“இல்லண்ணே.”

“அப்புறம் என்ன?”

வக்கீல் ஒரு தாளை நீட்டினார். “இது பயிற்சி வகுப்பு வருகைப் பதிவு. லஞ்சம் குடுக்கக் கூடாதுன்னு கம்பெனி வகுப்பு எடுத்தது, படிச்சேன், புரிஞ்சுதுன்னு இருக்கு. மத்த எல்லாரும் போட்டுட்டாங்க. இந்த இடத்துல ஒரு கையெழுத்து.”

எல்லோரும் போட்டிருந்தார்கள். சேல்ஸ்காரர்கள், ஐஸ் அறுக்கிறவர்கள், எழுதத் தெரியாத பர்மியத் தொழிலாளிகள்கூடக் கட்டைவிரல் வைத்திருந்தார்கள். ராத்ரி பேனாவை எடுத்துவிட்டாள். பேனா முனை தாளைத் தொட்டும்விட்டது. அவள் படிக்கிற பழக்கம் இல்லாதவள். ஆனால் கையெழுத்துக்கு மேலேயே தேதி இருந்தது. தேதிகளோடுதான் அவள் பத்தொன்பது வருடம் வேலை பார்த்திருக்கிறாள்.

போன வருடம் மே இருபது.

“அண்ணே, அன்னிக்கு நாம எங்க இருந்தோம்?”

“எங்க இருந்தோம்? இங்கதான் இருந்திருப்போம். ஏன்?”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

“சனிக்கிழமை, வேலை நாள்தான். நானே காலண்டர் பாத்துப் போட்டேன்” என்றார் வக்கீல்.

ராத்ரி எழுந்துபோய் முதலாளியின் விரல்களுக்கு நடுவிலிருந்த டப்பியை எடுத்தாள். அவர் விட்டுக்கொடுத்தார், ஏனென்று அவருக்கே புரிந்திருக்காது. அதன் ஒட்டுத்தாள் பக்கம் மேலே தெரியும்படி தாளின் மேல் வைத்தாள், தேதிக்குப் பக்கத்தில் தேதி. ஸமானின் பெயருக்குக் கீழே மே இருபது என்று இருந்தது. அன்று கம்பெனிக்கு விடுமுறை. தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிற அத்தனை பேரும் கறுப்புச் சட்டையில் தகன மேடைப் படிக்கட்டில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். எரிப்பதற்கு முன் ஸமானின் சவப்பெட்டிமேல் வைக்கும் சந்தனக்கட்டைப் பூக்களில் முதல் பூவை வைத்தது ஸெங் முதலாளி. வைத்துவிட்டு, துடைக்கக்கூடத் தோன்றாமல் அழுதார்.

முதலாளி ஒட்டுத்தாளைப் படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி படித்தார். பதினான்கு மாதமாகத் தினமும் மூக்குக்குக் கீழே இருந்ததை அவர் அன்றுதான் படித்தார். அவர் உதடு அசைந்தது. அவர் ஏதாவது சொல்வார் என்று ராத்ரி காத்திருந்தாள். என்ன எதிர்பார்த்தாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. ஒரு வார்த்தை போதும் என்று இருந்தது, அவ்வளவுதான்.

“பரவால்ல, இது ஒரு பிரச்சனையே இல்ல” என்றார் வக்கீல். “புதுத் தாள் அடிச்சுடலாம். வேற தேதி போட்டுக்கலாம்.”

முதலாளி டப்பியைத் தாளின் மேலிருந்து எடுத்தார். சட்டைப் பையில் போடப்போனவர், என்ன நினைத்தாரோ, மேசை ஓரத்தில் வைத்தார். வக்கீலைப் பார்த்தார்.

“சரி,” என்றார், மெதுவாக. “ஜூன்ல ஏதாவது ஒரு நாள் போடுங்க.”

ராத்ரி அந்தத் தாளை மடித்துத் தன் கைப்பையில் வைத்தாள். வக்கீல் ஏதோ சொல்லிக்கொண்டே எழுந்தார். அவள் மேசை ஓரத்திலிருந்த டப்பியையும் எடுத்துக்கொண்டு, கண்ணாடிக் கதவைத் திறந்து, ஐஸ் அறுக்கும் இடத்தைத் தாண்டி வெளியே போனாள். முதலாளி கூப்பிடவில்லை. அவளுக்கு அழுகை வரவில்லை, அருவருப்பாக இருந்தது. ஜூன் மாதத்தில் எந்த நாள் என்று அவர்கள் உள்ளே இப்போது தேடிக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தபோது நடை வேகமாயிற்று.

ஆணையத்தின் மாகாண ஆபீஸில் அவள் வாக்குமூலம் முடிய மத்தியானம் ஆகிவிட்டது. கண்ணாடிக் கதவைச் சாத்தியது முதல் எல்லாவற்றையும் சொன்னாள். தன் பங்கையும் குறைக்கவில்லை. கவரில் என்ன இருந்தது, எதற்கு என்று தெரிந்தேதான் கொண்டுபோய்க் கொடுத்தேன் என்றாள். பாவினி அதை இரண்டு முறை கேட்டு எழுதிக்கொண்டாள். மடித்த தாளும் டப்பியும் தனித்தனிப் பிளாஸ்டிக் உறைக்குள் போயின.

“இதைச் சொன்னதால விட்டுடுவாங்கன்னு நெனச்சுக்காதீங்க” என்றாள் பாவினி. “நான் எழுதி அனுப்புவேன். அதுக்கு மேல என் கையில இல்ல.”

“தெரியும்மா.”

“வேற ஏதாவது சொல்லணுமா?”

“சொல்றதுக்கு இல்ல, ஒண்ணு கேக்கணும்.” ராத்ரி பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த பெயரைப் பார்த்தாள். “அந்தக் காசு லஞ்சம்னு கோர்ட்டுல முடிவாயிட்டா, அவருக்குப் போய்ச் சேந்த புண்ணியத்தைத் திருப்பி எடுத்துக்குவாங்களா?”

பாவினி சிரிக்கவில்லை. பேனாவை மூடி வைத்தாள்.

“அது எங்க சட்டத்துல இல்லக்கா” என்றாள்.

பிறகு பதினொரு பக்க வாக்குமூலத்தை நீட்டி, ஒவ்வொரு பக்கத்தின் கீழும் கையெழுத்துப் போடச் சொன்னாள். ராத்ரி கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள். வெளியே வரிசையில் காத்திருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். அவள் அவசரப்படவில்லை. பதினொரு பக்கத்திலும் தேதி சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே பேனாவை எடுத்தாள்.